நான்கு மாதம் மூத்தவள்

பகாவ் மண்டபத்தில் படம் போட்டார்கள்.
படிவம் மூன்று பையனுக்கு
மழித்த தாடை பச்சை பூத்திருந்தது.
தங்கைக்கு முதலில் ஏழு வயது.
இரண்டு தீபாவளி கழித்தும் ஏழு,
பல் மட்டும் முளைத்திருந்தது.

எண்பத்தாறு என்று எழுத்து வந்தது,
பின்னால் செம்பனை.
அப்போது அங்கே ரப்பர்தான்,
நான் வாளி தூக்கிய நிரை.

'கணக்கு உதைக்குது' என்றேன் சத்தமாக.
முன்வரிசைக் குணவதி திரும்பினாள்:
'உன் ஐ.சி.யைக் காட்டேன்.'

அப்பா பதியப் போனது
நான் நடந்து, பேசி, திருடித் தின்று,
கிராணி லீவு கொடுத்த பிறகு.
தாளின்படி நான் தம்பிக்கு
நான்கு மாதம் மூத்தவள்.

எந்த அதிகாரியும் சிரிக்கவில்லை.
அம்மாதான்
இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி
வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.