யாரால்

பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் என் ஜெராக்ஸ் கடை.
மூன்று நாற்காலிகள் இருந்தும்
பாசிக்குப் போய்த் திரும்பிய பெண்கள் உட்காரவில்லை.
சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டைகள்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

போன கச்சான் காலத்தில்
வந்து தங்கிப்போன பிள்ளை
தபாலில் அனுப்பிய புத்தகம்.
இருபத்தாறு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.
பதினொன்றாம் பக்கத்தில் கொலாஸ்டிகாவின் கை,
துணி சுற்றிய ஐந்து விரல்கள்.
முகத்துக்கு இடம் போதவில்லை போல.

"எங்களப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படி."

படித்தேன்.
இப்பெண்கள் திறமையாக முக்குளிப்பவர்களாகக் கருதப்படுகிறார்கள்.
"சரி. கருதுனது யாரு?"
எழுதவில்லை என்றேன்.
இவர்களால் பவளப்பாறை சிதைவதாக நம்பப்படுகிறது.
"நம்புறது யாரு?"
அதுவும் எழுதவில்லை.
இவர்களுடைய சம்பாத்தியம்
துணை வருமானமாகவே பார்க்கப்படுகிறது.
கதவோரம் ராக்காயி சிரித்தாள்.
"எங்க வீட்டுக்காரரச் சொல்லுது.
பேரு போடப் பயந்துட்டா."

அடுத்த பக்கத்தில் ஆவுளியா.
அரிய உயிராக மதிக்கப்படுகிறது.
"அதுக்கு மதிக்கப்படுது,
எங்களுக்குப் பார்க்கப்படுதா?"

விளக்க முயன்றேன்.
இங்கிலீஷில் அப்படி ஒரு வசதி.
கருதிய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக்
கருத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கலாம்.
வேண்டுமானால் வாலில் 'பை' என்று ஒரு துண்டு கோத்து
ஆளைத் திரும்பக் கூப்பிடலாம்.
பெரும்பாலும் கூப்பிடுவதில்லை.

குருசடைத் தீவில் இறங்குவது குற்றமாகக் கருதப்படுகிறது
என்றபோது
யாரால் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
அவர் பெயர், அவர் படகின் நிறம்,
எந்தச் செவ்வாய்க்கிழமை எத்தனை சாக்கு
மரிக்கொழுந்துப் பாசி போனது,
எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

கரண்ட் போனது. காற்றாடி நின்றது.
வியர்வையில் இருந்தபடி யோசித்தேன்,
நம் மொழி மட்டும் என்ன யோக்கியம்.
நம்மிடம் இருப்பது 'படு'.
வலையில் மீன் படுகிறது.
பார் மேல் கால் படுகிறது, ரத்தம் வருகிறது.
இன்றைக்குப் பாடு எப்படி என்று
கரையில் ஒருவர் கேட்டால் மீனைக் கேட்கிறார்.
நான் படுற பாடு என்று
வீட்டில் ஒருத்தி சொன்னால் அது வேறு கணக்கு.
கருதப்படு, நம்பப்படு, பார்க்கப்படு.
கருதுகிறவன் எங்கேயோ காலை நீட்டியிருக்க
அந்த வாலில் எவளோ ஒருத்தி
பட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதைச் சொல்லவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

"பதில் ஒண்ணு அடி" என்றாள் கொலாஸ்டிகா.
"அவ எழுதுன மாதிரியே."
அடித்தேன்.
வந்த பிள்ளை நல்ல பிள்ளையாகக் கருதப்படுகிறாள்.
"யாராலன்னு போடு."
கொலாஸ்டிகாவால், ராக்காயியால், சந்தனமாரியால்,
சேசம்மாளால். பதினோரு பேர்.
வாக்கியம் இரண்டாம் வரியில் வழிந்தது.
"ஒருத்தியையும் விட்டுராத" என்று பின்னாலிருந்து குரல்.

நீச்சல் தெரியாதவளாக அறியப்படுகிறாள்.
படகில் வாந்தி எடுத்ததாகச் சொல்லப்படுகிறது
என்று நானாக அடித்தபோது
சந்தனமாரி என் தோளைத் தட்டினாள்.
"சொல்லப்படல. நான் பாத்தேன்.
தலையப் பிடிச்சுக்கிட்டவ நான்.
நான் பாத்தேன்னு அடி."

அழித்தேன். திருத்தினேன்.
ஒரு தாள், இரண்டு பிரதி.
நாற்பது ரூபாய் என்றேன்.

ராக்காயி தாளை மடித்துச்
சட்டைக்குள் ஈரம் படாத இடம் தேடினாள்.
"அது ரொம்ப அதிகமாக் கருதப்படுது" என்று
மேசையில் முப்பதை வைத்தாள்.

யாரால் என்று நான் கேட்கவில்லை.