மூன்றாவது கிராஸ்

முதல் பெட்டிக்குப் பாதி விலை என்றார்கள்.
பார்ப்போமே என்று பணம் கட்டினேன்.
குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய், வயிற்றில் தடவ எண்ணெய்,
‘இந்த வாரம் உங்கள் குழந்தை ஓர் எலுமிச்சை’
என்று ரோஜா நிறத்தில் ஒரு சீட்டு.
எலுமிச்சை என்று நினைத்தாலே
குளியலறைக்கு ஓடிய வாரம் அது.

இரண்டாவது பெட்டி வரவேயில்லை.
கொடுத்தாகிவிட்டது மேடம் என்று சாதித்தது போன் குரல்.
கக்கதாசபுரத்தில் மூன்றாவது கிராஸ் இரண்டு.
நடுவே காவேரிக் குழாய்க்குத் தோண்டி
மூடாமல் விட்ட பள்ளம்.

பதினோராம் நாள் அந்தப் பள்ளத்தைத் தாண்டி
ரேவண்ணா வந்தார்.
ஏடிஎம் காவல், இரவு ஷிப்ட்.
கையில் பிரித்த பெட்டி.
துபாயிலிருந்து மகள் அனுப்பினாள் என்று நினைத்தாராம்.
எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.
நேற்று பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்ல
காம்பவுண்டே சிரித்ததாம்.

மிட்டாயில் நாலு குறைந்தது.
எண்ணெய் முட்டிக்கு நன்றாகக் கேட்கிறது என்றார்,
மெதுவாக.
காலுறை?
குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
இளம் ஊதா. கணுக்காலில் சின்னப் பூ.
வாசலிலேயே கழற்றப் போனவரை
ஐயோ, இருக்கட்டும் என்றேன்.
எனக்கு இன்னும் கால் வீங்கத் தொடங்கவில்லை.
அவருக்குப் பூ விரிந்து
அகலமாகியிருந்தது.

சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
என்ன எழுதியிருக்கு என்றார்.
‘இந்த வாரம் உங்கள் குழந்தை ஒரு மாம்பழம்.’

கொஞ்ச நேரம் யோசித்தார்.
பாதாமியா, தோதாபுரியா?

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
அது போடவில்லை.