அணைத்துப் பார்த்தல்

எதற்கென்று எவருக்கும் தெரியாத சர்வர்.
பதினான்கு வயது. விசிறியில் ஒரு முனகல்.
ஆவணமில்லை; எழுதியவன் எப்போதோ போய்விட்டான்.
இதற்கு எங்கள் தொழிலில் ஒரே வைத்தியம்:
அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது.

பத்து நாள். ஒருவரும் கத்தவில்லை.
செலவுப் பட்டியலில் ஒரு வரி குறைந்ததை
ஆஸ்லோவுக்கு எழுதினேன்; கட்டைவிரல் ஒன்று வந்தது.

பதினோராம் நாள்
ஹாம்மர்ஃபெஸ்ட் மீன் கிடங்கிலிருந்து இங்வால்ட்,
தயங்கித் தயங்கி:
"நாலு மணிச் சீட்டு வருவதில்லை."
என்ன சீட்டு?
"குளிர் அளவு. பிரிண்டர் தானே கக்கும்."
அதைப் படிப்பீர்களா?
"இல்லை. அது வந்தால் காபி போடுவேன்.
இங்கே ஜனவரி வரை சூரியன் கிடையாது, பாருங்கள்."

கோரிக்கைப் படிவத்தில்
'வணிகக் காரணம்' என்ற கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.

விசிறி முனகுகிறது.