கிடத்திய கதவு

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது.
தாவும் பொத்தான் கொஞ்சம் அடம்பிடிக்கும்,
இரண்டாம் அமுக்கலுக்குத்தான் இணங்கும்.
அதற்காக முந்நூறு குறைத்தார் கடைக்காரர்.
கொசுறாக வந்தது இந்த ஆட்டம்.

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பயல்,
முதுகில் நிலையோடு ஒரு கதவு.
அவ்வளவுதான்.
வாள் கிடையாது,
சுட்டுத்தள்ள ஒருவரும் கிடையாது,
இப்படிச் செய் என்று சொல்ல
ஒரு வரிகூடக் கிடையாது.

சுண்டு என்று பெயர் வைத்தோம்.
கதவை நீரில் இட்டால் தெப்பம்.
ஆலங்கட்டி மழையில் தலைக்குமேல் கூரை.
தெப்பத்தில் நிமிர்த்தினால் காற்று தள்ளிப்போகும்.
மலைச்சரிவில் போட்டு ஏறி உட்கார்ந்தால்
வயிற்றில் பூச்சி பறக்கும், எனக்கு,
முப்பத்துநாலு வயதில்.

அருளப்பனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இரவு வேலை,
பெட்டகங்களை எண்ணி அடுக்குவது.
எனக்கு அண்ணா சாலையில் பகல்,
நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்து
இதற்கு இவ்வளவு, இது தேறாது என்று எழுதுவது.
வியாசர்பாடி மாடிப்படியில்
சாவியும் டிபன் பாக்ஸும் கைமாறும் நேரம்
நாலு நிமிடம்.

ஆட்டத்தில் சேமிக்க ஒரே இடம்தான்.
அவன் விட்ட இடத்தில் நான் எடுப்பேன்,
நான் விட்டதிலிருந்து அவன்.
சில ராத்திரி சுண்டு
மரக்கிளையில் தலைகீழாகத் தொங்குவான்.
இதென்னடா கோலம் என்று டிவியைக் கேட்பேன்.
ஒருநாள் கதவைச் சாய்த்துவைத்து
அதன் நிழலில் அவனைப் படுக்கவிட்டிருந்தது.
அன்று அருளப்பனுக்கு
இரண்டு ஷிப்ட் என்று புரிந்துகொண்டேன்.

பதினொன்றாம் கட்டத்தில் மாட்டினோம்.
ஒரு பள்ளம். அக்கரை பனிமூட்டத்துக்குள்.
கதவைக் கிடத்தினால் பாதிக்குத்தான் எட்டும்.
ஓடித் தாவினால் விழுவான்.
விழுந்தால் ஒரு சின்ன 'டப்',
மறுபடி இந்தக் கரையில்
கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்பான்.
ஒரே ராத்திரியில் அறுபது தடவை விழுந்தேன்,
ஏன் என்று எழுத்தில் கேட்பார் இல்லை.
ஆபீசில் ஒருமுறை விழுந்ததற்கு
இன்னும் மெயில் வந்துகொண்டிருக்கிறது.

ஒன்பதாம் நாள் மூலக்கடையில் பேருந்து நகரவில்லை.
மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப்போட்ட பள்ளம்,
அந்தப் பக்கம் மளிகைக் கடை,
இந்தப் பக்கம் தண்ணீர் கேன்களோடு ஒரு குட்டி யானை.
டிரைவர் இறங்கிக் கொக்கியைத் தட்டினார்.
வண்டியின் பின்கதவு அப்படியே சாய்ந்து
பள்ளத்தைத் தாண்டிக்
கடைப்படியில் போய் உட்கார்ந்தது.
ஐயோ என்று கத்திவிட்டேன்.
பக்கத்து இருக்கை அம்மா
தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பலகை என்றோம், தெப்பம் என்றோம், கூரை என்றோம்.
கதவு என்பது மறந்தே போனது.
ஒன்பது நாளில்
ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை.

ராத்திரி,
நிலையைக் கிடத்தித் தாழ்ப்பாளை நீக்கினேன்.
கீலில் சுழன்று
அந்தரத்தில் விரிந்தது கதவு,
இரண்டு மடங்கு நீளம்.
சுண்டு சும்மா நடந்தான்.
அடம்பிடிக்கும் பொத்தானுக்கு வேலையே இல்லை.

ஒவ்வொரு அக்கரையிலும் ஒரு விளக்குக் கம்பம் உண்டு,
முதன்முதலாகக் கால் வைக்கும்போது
'டிங்' என்று ஏற்றிக்கொள்ளும்.
அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை பாடும்.
கால் வைத்தேன்.
சத்தம் வரவில்லை.
விளக்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது.

எப்போது கடந்தான்?
செவ்வாயா, அதற்கும் முன்பா?
கடந்து, திரும்பி நடந்து,
கதவை மூடி முதுகில் ஏற்றி
அதே கல்லுக்குப் பக்கத்தில்
ஒன்றும் தெரியாத முகத்தோடு
சுண்டுவை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு நானும் திரும்பி நடந்தேன்.
கதவை மூடினேன்.
அதே கல்.

காலையில் படிக்கட்டு.
"பதினொண்ணு?" என்றான்.
"ம்ஹூம். நீ?"
"பள்ளந்தான்."
டிபன் பாக்ஸில் கிரீஸ் விரல் தடம்.

சனிக்கிழமை வரை
இரண்டு பேரும் தவறாமல் விழுந்தோம்.