இருபத்திரண்டு ரியால்

ரூவியில் எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி.
ஃபோன் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்.
சுருள் ஒயரை இழுத்துப் பிடித்தால் ஒன்றரை முழம்.
அந்த ஒன்றரை முழத்துக்குள்தான்
ஆறு பேரும் குடும்பம் நடத்தினோம்.
இன்னாசியின் வட்டிக் கணக்கு எனக்கு மனப்பாடம்.
என் மனைவி எந்தக் கிழமை கோபமாக இருப்பாள் என்பது
என்னைவிட சாகுலுக்கு நன்றாகத் தெரியும்.

சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை
ஆளுக்கு நாலு ரியால் போட்டோம்.
வேல்மயில் மட்டும் மூன்று.
'நான் பேசுறதே கம்மி' என்றான்.

ஹஸ்முக்பாய் மூன்று பெட்டியை மேசையில் வைத்தார்.
ஒன்பது. பதினாலு. இருபத்திரண்டு.
உறையைக் கிழிக்காதீர்கள், ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றார்.
மூன்றிலும் முந்நூறு மீட்டர் என்று போட்டிருந்தது,
மூன்றிலும் ஒரு பெண்
புல்வெளியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.
புல்வெளி இருந்தால் போகும்தான்.
எங்களிடம் இருந்தது கான்கிரீட்,
அதற்குள் கம்பி,
ஓடாத லிஃப்டின் குழி.

தவமணிக்கு நைட் டூட்டி.
கம்பெனி ஃபோனிலிருந்து அவன் சொல்லச் சொல்ல
நான் படியேறிக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும்.
மலை. மழை. கிளி. கிழி. பனி. பணி.
விளையாட்டில்லை இது.
போன மாதம் சாகுல் வீட்டில்
'பையன் எழுதுறான்' என்றிருக்கிறார்கள்.
இவன் காதில் விழுந்தது 'அழுவுறான்'.
விடியும்வரை ஏசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒன்பது ரியால்
மூன்றாம் மாடியிலேயே அப்பளம் பொரித்தது.
மலையும் மழையும் ஒரே எண்ணெயில்.

பதினாலு, சபாஷ்,
மொட்டைமாடி வரைக்கும் வந்தது.
தண்ணீர்த் தொட்டிகள், டிஷ்கள், சுற்றிலும் கறுத்த மலை.
தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.
தவமணி மறைந்தான்.
ஒரு பெண் குரல். தமிழ்.
'மோட்டாருக்குன்னு அனுப்பினேன்ல,
அதுல சங்கிலியை மீட்டா
மோட்டாரை எதுல ஓட்டுவே?'
எந்த வீட்டில் வேலை செய்கிறாளோ,
எந்தச் சமையலறையில் நின்று
குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறாளோ.
உடனே அணைத்திருக்க வேண்டும்.
அணைக்கவில்லை.
சங்கிலி மூன்று பவுன் என்பதுவரை கேட்டேன்.

இறங்கி வந்து சொன்னதும்
இன்னாசி கணக்கெழுதும் விரலை நிறுத்தினான்:
'அப்ப நம்ம வட்டியும்
யாரோ ஒருத்தன் மொட்டைமாடியில நின்னு கேப்பான்.'
பதினாலு ரியால் கடைக்குத் திரும்பியது.

இருபத்திரண்டு.
மலை என்றால் மலை.
மழை என்றால்
தவமணியின் நாக்கு மடங்குவதே தெரிந்தது.
ஆனால் நாலாம் மாடி திருப்பத்தில்,
யாரோ விட்டுப்போன சக்கரமில்லாத தள்ளுவண்டிக்குப் பக்கத்தில்,
எட்டாவது படியில்
கத்தரித்ததுபோல் நின்றுவிட்டது.
இரைச்சல்கூட இல்லை.
ஏழில் இருக்கிறான், எட்டில் இல்லை.
வேல்மயில் சாக்பீஸால் கோடு போட்டான்.
மிச்சம் ஒரு ரியாலுக்கு சாயா குடித்தோம்,
அவனுக்கும் சேர்த்து.

ஏழாம் படி இப்போது எங்கள் தனியறை.
ஆளுக்கு இருபது நிமிடம். தள்ளுவண்டியில் செருப்பு.
கோட்டின் அருமையை முதலில் கண்டுபிடித்தவன் தவமணி.
மச்சான் நிலம் வாங்கக் காசு கேட்டபோது
எழுந்து ஒரு படி ஏறினான், அவ்வளவுதான்.
'சிக்னல் போச்சு' என்று
பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.
பிறகு எல்லோரும் ஏறினோம்:
இன்னாசி வட்டிக்கு,
சாகுல் மாமனாருக்கு,
கம்மியாய்ப் பேசும் வேல்மயில்
வாரத்துக்கு மூன்று முறை.

நேற்று அவள் கேட்டாள்,
'இந்தத் தடவையாவது வருவீங்களா?'
என் கால் எட்டாம் படியில் பாதி இருந்தது.
ஏறவில்லை.
பதிலும் வரவில்லை.
எச்சில் விழுங்கினேன்.

'தண்ணி குடிக்கிறீங்களா?' என்றாள்.