நாரபாடி ஜமீன் வழக்கு

யானை செத்த வருஷம்தான் வழக்கு பிறந்தது.
தசராவில் முன்னே நடந்தது எங்கள் வாசல் யானை
என்றார் பெரிய வீட்டு ஓபுளராஜு.
தீனி போட்டது யாராம்
என்றார் சின்ன வீட்டு நரசராஜு.
யானை இல்லை, சங்கிலி இருந்தது.
சங்கிலிக்காகச் சித்தூர் கோர்ட்டில்
முப்பத்தேழு வாய்தா, பதினாறு காணி நஞ்சை,
ஓபுளராஜு மனைவியின் ஒட்டியாணம்.

அறுபதில் எல்லைக்கல் நட்டார்கள்,
இரண்டு வீட்டுக்கும் நடுவே, எருக்குழி ஓரம்.
பெரிய வீடு ஆந்திராவில் நின்றது.
சின்ன வீடு மெட்ராஸ் பக்கம் வந்தது.
அன்றிரவு நரசராஜு வெடி போட்டார்.
மறுவாரமே செங்கல்பட்டில் புதுப் பிராது.
குமாஸ்தா நான்.
பகலில் அவருக்கு எழுதினேன், ராத்திரி இவருக்கு.
கூலி இரண்டு பக்கமும் பாக்கி.

சித்தூரில் பெரிய வீடு ஜெயித்தது.
செங்கல்பட்டில் சின்ன வீடு.
ஜெயித்த இருவரும் ஒரே மாசியில் போய்ச் சேர்ந்தார்கள்.
மேளம் எந்த வாசலுக்கு முதலில் போனது என்பதில்
பேரன்களுக்குள் இன்னும் பேச்சில்லை.

சங்கிலியா?
பாகன் மஸ்தானின் மகன்
லாரியின் பின்கதவைக் கட்டியிருக்கிறான் அதால்.
கொசத்தலை மணலோடு
தினம் இரண்டு தரம் எல்லை தாண்டுகிறது.
சாவடியில் மணலுக்குத்தான்
ரசீது கேட்கிறார்கள்.