எந்த அலை?

எந்த அலை அடித்தது என்று
ஆஸ்பத்திரியில் நாலு பேர் கேட்டார்கள்.
எழுதிக்கொள்ள அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
எந்த அலையும் அடிக்கவில்லை.

டர்பன், டெய்ரி பீச்,
ஜனவரியில் ஒரு சனிக்கிழமை.
நாற்பதாவது பிறந்தநாளுக்கு
கணக்குப் பிரிவில் எல்லாரும் காசு போட்டு
இரண்டு மணி நேரப் பாடம் வாங்கித் தந்திருந்தார்கள்.
உறையின் மேல் யாரோ எழுதியிருந்தது:
பூவேந்திரன், விழுந்து எழுந்து வா.

மணலில் பலகையைப் போட்டு
குப்புறப் படு, துள்ளி எழு,
குப்புறப் படு, துள்ளி எழு.
பத்தாவது தடவை ஸிபோனெலோ கைதட்டினான்.
சுறாவைப் பற்றிக் கேட்டேன்.
வலை இருக்கிறது என்றான்.
நீரோட்டம்?
எதிர்க்காதே, குறுக்கே நீந்து.
தலையில் பலகை இடிக்குமா என்றேன்,
இரண்டு கையாலும் தலையை மூடிக் காட்டினான்.
முதுகைப் பற்றி நானும் கேட்கவில்லை
அவனும் சொல்லவில்லை.
முதுகு பின்னால் இருந்தது.

அன்றைக்குக் கடலுக்குச் சோம்பல்.
வாடகைப் பலகையில் குப்புறக் கிடந்து
நெஞ்சைத் தூக்கி, தலையை நிமிர்த்தி
வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
துறைமுகத்துக்குள் இடம் கேட்டு
தூரத்தில் ஒன்பது கப்பல்கள் நின்றன.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
வாசலில் சத்தம் கேட்டுப்
பாயிலிருந்து தலைதூக்கியவன் மாதிரி
முக்கால் மணி நேரம்
அப்படியே.

இடுப்புக்கு மேலே சுரீர் என்று ஒரு பிடிப்பு.
பதினெட்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த முதுகு,
பழக்கமில்லை, சரியாகிவிடும்.
இன்னும் ஒரே ஒரு அலை பார்க்கலாம்.

கரையேறியபோது மணல் சுடவில்லை.
வெயில் ஏறிவிட்டிருந்தது,
மற்றவர்கள் தத்தித் தத்தி ஓடினார்கள்.
எனக்கு மட்டும் சுடவில்லை.
அதைக் கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்தேன்.
குளியல் குழாய்க்குப் போகும் வழியில்
வலது கால் வேறு யாருடையதோ ஆனது.
பிறகு இடது.
உறையில் எழுதியதில் பாதி நடந்தது.

படம் பிடித்த பெண் திரையைத் திருப்பினாள்.
எலும்பு எதுவும் நொறுங்கவில்லை,
அடுக்கியது அடுக்கியபடி இருந்தது.
தண்டுவடத்தின் நடுவில் மட்டும்
சாக்பீஸால் இழுத்தது போல் ஒரு கோடு.
அங்கே ரத்தம் போகவில்லை என்றார் டாக்டர்,
ஸ்டெதாஸ்கோப் குழாயை மடக்கிக் காட்டி.
புதிதாகப் பழகுகிறவர்களுக்குத்தான் வருமாம், அதுவும் அபூர்வமாக.
தேர்ந்தவர்கள் பலகைமேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.
நான் காத்திருந்த விதம்தான் தப்பு.

பதினேழாம் நாள் இடது கட்டைவிரல் அசைந்தது.
ரேஷினா ஜன்னலோரம் போனில் இருந்தாள்.
இன்னொரு தடவை அசை என்று ஓடிவந்தாள்.
அசையவில்லை.
நான் அவளைத் தேற்றுவதாக நினைத்து
அவள் என்னைத் தேற்றினாள்.
மறுநாள் தரை துடைக்க வந்தவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்
நானே நம்பினேன்.

ஸிபோனெலோ மூன்று தடவை வந்தான்.
கடைசித் தடவை பாடத்துக்கான பணத்தைத் திருப்பித் தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்கியிருக்கக் கூடாது.

இப்போது சனிக்கிழமைகளில்
கடற்பாலத்தின் நுனிவரை சக்கரத்தைத் தள்ளிப் போகிறேன்.
கைப்பிடியைப் பிடித்தால் பத்தடி நடை, அதற்கு மேல் இல்லை.
கீழே மஞ்சள் பலகைகளில் புதியவர்கள்
நெஞ்சு தூக்கி, தலை நிமிர்த்தி.
உட்காருங்கள்! என்று கத்துகிறேன்.
அலை வரும்வரை உட்காருங்கள்!
இடுப்பு வலித்தால் உடனே கரைக்கு வாருங்கள்!
காற்று பாதியைத் தின்றுவிடுகிறது.
உட்கார்ந்தே இருக்கும் ஒருவன்
ஊரையெல்லாம் உட்காரச் சொல்கிறானே என்று
தூண்டில்காரர்கள் சிரிக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.
நான் சொன்னது கேட்டிருக்காது, அத்தனை தூரம்.
பதிலுக்குக் கையசைப்பதற்காகப்
பலகையில் எழுந்து உட்கார்ந்தாள்.
அவளுக்குப் பின்னால் ஓர் அலை புடைக்கும்வரை
நான் கையை இறக்கவில்லை.